போன வாரம் எவ்வளவு?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகன் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கி வந்தான். இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் முதலில் பாதத்தின் நுனியை வைத்துப் பார்த்து, அப்புறம் குதிகாலை ஊன்றி இறங்கினான். 22 வயதுப் பையன். எங்கேயோ விழுந்துவிட்டான் என்று பதறிப்போய்க் கேட்டேன். விழவெல்லாம் இல்லை, வெள்ளிக்கிழமை ஜிம்மில் சேர்ந்தானாம். முதல் நாளே கால் பயிற்சியாம். "உக்காந்தா எந்திரிக்க முடியல சித்தி, செம வொர்க்கவுட்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். படியிறங்க முடியாமல் தவிப்பதை வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தான். அத்தனை பேரும் வாழ்த்தியிருந்தார்கள். நான் எதுவும் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: "வலிச்சாத்தானே சித்தி வேலை செய்யுதுன்னு அர்த்தம்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி அடுத்த ஒரு வாரம் என்னை விடவே இல்லை. ஏனென்றால் அதை நானும் ஒரு காலத்தில் அப்படியே நம்பினேன். நம்பி, நாலு வருடத்தை இழந்தேன். அப்புறம் அதற்கு நேர் எதிரான இன்னொன்றை நம்பி, இன்னொரு ஒன்றரை வருடத்தை இழந்தேன். இரண்டுமே எனக்கு நல்லது நினைத்தவர்கள் சொன்ன அறிவுரைகள்தான்.

என் 31-வது வயதில் முதன்முதலாக ஜிம்முக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு வாய்த்த டிரெய்னர் நல்ல மனிதர். ஆனால் புதிதாக வருகிறவர்களை முதல் நாளே கசக்கிப் பிழிந்தால்தான் உடற்பயிற்சியின் அருமை புரியும் என்று உறுதியாக நம்பினார். 20 பஸ்கி, 20 லஞ்ச் (ஒரு காலை முன்னே எடுத்துவைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் 20. மூச்சு வாங்க ஒரு நிமிடம். மறுபடி முதலிலிருந்து. இப்படி ஐந்து சுற்று. கூட்டிப் பார்த்தால் 300 முறை. அதுவரை நாற்காலியிலிருந்து எழுவதைத் தவிர வேறு எந்த வேலையும் கொடுத்திராத தொடைகளுக்கு ஒரே மணி நேரத்தில் 300 முறை. அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கும்போதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள், சுவரைப் பிடிக்காமல் கழிவறையில் உட்கார முடியவில்லை. ஆறாம் நாள் வலி போய்விட்டது. ஆனால் நான் திரும்பப் போகவில்லை. சோம்பல் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். போகலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த மூன்றாம் நாள் ஞாபகத்துக்கு வந்துவிடும். அப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

அந்த வலி என்ன என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று இன்றைக்கும் ஜிம்களில் சொல்கிறார்கள். பயிற்சியின்போது கூடும் லாக்டேட், ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். வலியோ மறுநாள்தான் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. அதற்கும் இதற்கும் நேரமே ஒத்துப்போகவில்லை. தசை, சுமையைத் தாங்கிக்கொண்டே நீளும்போது அதன் நுண்ணிய இழைகளில் ஏற்படும் சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் முயற்சியும்தான் அந்த வலிக்குப் பின்னால் இருக்கின்றன. பஸ்கியில் கீழே இறங்கும்போது தொடைத்தசை அப்படித்தான் வேலை செய்கிறது, மாடிப்படி இறங்கும்போதும் அப்படித்தான். அக்கா மகனுக்கு ஏறுவதைவிட இறங்குவது கொடுமையாக இருந்தது அதனால்தான்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. அதே பயிற்சியை ஒன்றிரண்டு வாரம் கழித்து அப்படியே திரும்பச் செய்தால், வலி மிகவும் குறைவாகவே இருக்கும். உடம்பு ஒரே தடவையில் பாடம் படித்துக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரம் நிற்கும். அப்படியானால், வலிதான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது தடவை செய்த அதே பயிற்சி "வேலை செய்யவில்லை" என்றாகிறது. ஆனால் வலு கூடுவது அப்போதுதான் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், பழக்கமில்லாமல் ஒரு மலையிலிருந்து நடந்து இறங்கினாலும் இதே வலி வரும். அதனால் யாரும் பெரிய பலசாலி ஆகிவிடுவதில்லை. உடம்புக்குப் பழக்கமில்லாத ஒன்றைச் செய்தோம் என்பதற்கு மேல் அந்த வலியிலிருந்து எதையும் படிக்க முடியாது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். முதல் நாள் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு, தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் போனால் அது சாதாரண வலி கிடையாது. தசை உடைந்து அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்று அக்கா மகன் ஜிம் கதையைச் சொன்னபின் நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். "ச்சீ, அதெல்லாம் இல்ல சித்தி" என்றான். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

வலியில்லாத ஒன்றரை வருடம்

35 வயதில் மறுபடி போனபோது மிகவும் எச்சரிக்கையாக இருந்தேன். ஜிம் வேறு, டிரெய்னரும் வேறு. என் பழைய கதையைக் கேட்டுவிட்டு, "பெண்களுக்கு லைட் வெயிட், நிறைய ரெப். அதுதான் சரி. வெயிட் கூட்டினா உடம்பு பெருத்துடும்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. 2 கிலோ டம்பெல் இரண்டு. ஒரே மூச்சில் 15 ரெப், அதாவது 15 முறை; அப்படி மூன்று செட், அதாவது மூன்று சுற்று. வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காகப் போனேன். வியர்த்தது. முடித்துவிட்டு வரும்போது ஏதோ செய்த திருப்தி இருந்தது. ஒரு நாள்கூட வலிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் நான் விட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஒழுங்கைப் பற்றி எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தின் முடிவில், பயணத்தில் பெட்டியைத் தூக்கி மேல்தட்டில் வைக்க எனக்கு இன்னொருவர் உதவி தேவைப்பட்டது. முழுத் தண்டால் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. வயது ஏறுகிறது, எனக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜிம்மில் எல்லோரும் "அக்கா" என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். அப்போது அவருக்கு 58 வயது. பேச்சு அதிகம் கிடையாது. வருவார், மூலையில் இருக்கும் பார்பெல்லை, அதாவது இரண்டு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பியை, எடுப்பார், தன் வேலையை முடித்துவிட்டுப் போவார். கையில் எப்போதும் நீளவாக்கில் ஒரு நோட்டுப் புத்தகம். அதன் முதுகில் நூலால் கட்டிய ஒரு பென்சில். ஒவ்வொரு செட் முடிந்ததும் குனிந்து எதையோ எழுதுவார். கணக்கெழுதுகிறார் என்று முதலில் நினைத்தேன்.

ஒரு நாள் பெஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, டம்பெல்லை இடுப்புப் பக்கமாக இழுக்கும் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் கேட்டார்.

"ஏம்மா, போன வாரம் இதுல எவ்வளவு தூக்கின?"

"ரெண்டு கிலோ அக்கா."

"போன மாசம்?"

"ரெண்டுதான்."

"போன வருஷம்?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் குற்றம் சொல்கிற தொனியில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பதில் சொல்லாததைப் பார்த்து எழுந்து போய், அடுக்கிலிருந்து ஒரு 8 கிலோ டம்பெல்லை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். "முதுகை இப்படியே நேரா வச்சுக்க. எத்தனை வருதுன்னு பாரு. உடம்பு கோணினா நிறுத்திடு" என்றார். அதன் பிடி என் 2 கிலோ டம்பெல்லின் ரப்பர் பிடி மாதிரி இல்லை. இரும்பு, சில்லென்று இருந்தது. முதல் தடவை இழுத்தபோது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், அதுவரை இருப்பதே தெரியாத ஒரு தசை இறுகுவதை உணர்ந்தேன். இரண்டு, மூன்று. ஐந்தில் கொஞ்சம் மெதுவானது. எட்டில் மூச்சை அடக்கினேன். ஒன்பதாவது பாதி வழியில் தயங்கி, அப்புறம் வந்தது. பத்தாவதில் இடுப்பு திரும்பத் தொடங்கியதும் "போதும்" என்றார்.

ஒன்பது. நான் ஒன்றரை வருடமாகத் தூக்கியதைப் போல நாலு மடங்கு எடையை ஒன்பது முறை இழுக்கும் வலு எனக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று ஜிம்மிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமா வருத்தமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா தன் நோட்டைத் திறந்து காட்டினார். நாலு கட்டம். தேதி, எடை, ரெப், நாலாவதாக "மீதி". மீதி என்றால் என்ன என்று கேட்டேன். "நிறுத்தும்போது இன்னும் எத்தனை முடிஞ்சிருக்கும்னு மனசுக்குத் தோணுதோ, அது" என்றார். பெரும்பாலும் 2 என்று இருந்தது. சில இடங்களில் 3. எங்காவது ஒரு பக்கத்தில் 0 இருந்தால், அதன் பக்கத்தில் "காய்ச்சலுக்குப் பின்", "தூக்கமில்லை" என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு.

என் இரண்டு தவறும் ஒரே தவறுதான் என்று அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் டிரெய்னர் வலியைப் பார்த்தார், இரண்டாமவர் வலியில்லாததைப் பார்த்தார். இரண்டு பேரும் அன்றைக்கு என்ன தோன்றியது என்பதை வைத்தே முடிவு செய்தார்கள். போன வாரத்தோடு ஒப்பிட ஒருவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு ராணுவ மருத்துவமனையில்

ஜிம் அக்காவுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, அவர் நோட்டில் செய்ததை 1940-களில் ஒரு டாக்டர் மருத்துவமாகவே செய்திருக்கிறார். தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, எடை தூக்கித்தான் தன் உடம்பைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப்போரில் முழங்கால் அடிபட்ட வீரர்கள் சிகாகோவில் அவர் வேலை பார்த்த ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அன்றைய வழக்கம், லேசான சுமையைப் பல தடவை தூக்கவைப்பது. காலுக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் வந்தது, வலு வரவில்லை. டிலோர்ம் இரும்புக் காலணியில் எடையைக் கட்டி, பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற அளவுக்குச் சுமையைக் கூட்டினார். பிறகு வாராவாரம் அந்தப் பத்து முறைக்கான எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சோதித்து, அதற்கேற்ப மறுபடி கூட்டினார். 1945-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை செய்யவைத்தவர், 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகக் குறைத்தார். அந்தப் பத்து முறை எடையில் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுசு. இன்றைக்கு எந்த ஜிம்மிலும் கண்ணை மூடிக்கொண்டு "மூணு செட், பத்து ரெப்" என்று சொல்கிறார்களே, அந்த எண்கள் பிரபலமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எண் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வாராவாரம் சோதித்துக் கூட்டுவதை வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டோம்.

தினமும் ஒரு கன்றுக்குட்டியைத் தூக்கி, அது காளையாக வளர்ந்தபோதும் தூக்கினான் என்று கிரேக்க மல்யுத்த வீரன் மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை அழகாக இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைச் சொல்ல எனக்கு இப்போது விருப்பமில்லை. கன்று வளர்ந்துகொண்டே போகும், நம் வலு அப்படி ஒரே வேகத்தில் ஏறாது. முதல் சில மாதம் வேகமாக ஏறும், அப்புறம் மெதுவாகும், சில வாரம் நின்றுகூடப் போகும். அதைத் தெரியாமல் தொடங்குகிறவர் முதல் தடவை எண் நிற்கும்போதே மனம் உடைந்துபோகிறார்.

முதல் மாதத்தில் கற்றுக்கொள்வது யார்?

முதல் சில வாரத்தில் ஏறும் வலு பெரும்பாலும் தசை பெருத்ததால் வருவதில்லை, நரம்பிலிருந்து வருகிறது. ஏற்கெனவே இருக்கும் தசை இழைகளை ஒரே நேரத்தில், சரியான வரிசையில் கூப்பிட்டு வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் இதை அளந்து காட்டினார்கள். முதல் மூன்று முதல் ஐந்து வாரம் வரை நரம்பின் பங்குதான் பெரிது, அதற்குப் பிறகுதான் தசை வளர்ச்சி முன்னால் வருகிறது. இதைவிட ஆச்சரியமானது 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் கண்டது. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது, சும்மா இருந்த மறு கையின் வலுவும் கூடியது. தொடாத கையில் தசை எப்படி வளரும்? கற்றுக்கொண்டது நரம்பு மண்டலம்.

இது தெரிந்தபின், முதல் நாளே ஒருவரைக் கசக்கிப் பிழிவது எவ்வளவு வீண் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முதல் மாதம் எழுத்துப் பழகும் மாதம். சைக்கிள் கற்றுக்கொள்ளும் குழந்தையை மயங்கி விழும்வரை யாராவது ஓட்டச் சொல்வார்களா? களைத்த உடம்பு தப்பான அசைவைத்தான் பழகும். முழங்கால் உள்ளே விழ, முதுகு வளைய, எப்படியாவது எண்ணிக்கையை முடிக்கப் பார்க்கும். அப்படி முடித்த ஒவ்வொன்றும் நரம்புக்கு ஒரு பாடம்தான்.

எனக்கு ஸ்குவாட், அதாவது தோளில் பாரத்தோடு போடும் பஸ்கி, சொல்லிக்கொடுத்தது ஜிம் அக்காதான். பெண்களுக்கான 15 கிலோ பார் (பார்பெல்லின் கம்பி), பிளேட் என்கிற எடைத்தட்டு எதுவும் மாட்டாமல். ஆண்களுக்கானது 20 கிலோ, கொஞ்சம் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். பாரின் பிடியில் சாய்சதுரம் சாய்சதுரமாகக் கீறிய சொரசொரப்பு உண்டு. கொஞ்ச நாளில் உள்ளங்கையில் அந்தக் கட்டங்கள் பதிந்துவிடும், ஒரு மணி நேரம் வரை மறையாது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். பாரைக் கழுத்து எலும்பில் வைக்காமல், தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்தால் மேலே திரளுமே, அந்தச் சதையில் வைக்கச் சொன்னார். இருமும்போது வயிறு எப்படி இறுகுமோ அப்படி இறுக்கி, மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு இறங்கி, மேலே வரும்போது விடச் சொன்னார். (ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்காமல் செய்வதே நல்லது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.) பாரம் எப்போதும் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். குதிகால் தூக்கினால் பாரம் முன்னால் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடியைப் பார்க்காதே, உள்ளங்காலைக் கவனி என்றார். அது ஒன்று போதும், பாதித் தப்பு தானாகவே சரியாகிவிடும்.

"முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது" என்ற அறிவுரையையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் அக்கா மகனுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். 2003-இல் வந்த ஓர் ஆய்வில், முழங்கால் முன்னே போகாதபடி பலகை வைத்துத் தடுத்து ஸ்குவாட் செய்யவைத்துப் பார்த்தார்கள். முழங்காலில் விழும் முறுக்கு விசையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பிலோ அது பத்து மடங்குக்கு மேல் கூடியது. முழங்காலைக் காப்பாற்றுவதாக நினைத்து இடுப்பின் மேல் சுமையைத் தள்ளுகிறோம். உயரமானவர்களுக்கும் தொடை நீளமானவர்களுக்கும் முழங்கால் விரலைத் தாண்டாமல் ஆழமாக உட்காரவே வராது. முழங்கால், பாதம் நோக்கும் திசையிலேயே போகிறதா என்று பார்த்தால் போதும்.

மற்றதெல்லாம் உண்மையில் கொஞ்சம்தான். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், மூன்று நாள் முடிந்தால் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் தசைக்கான பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் செய்யச் சொல்கிறது. ஒரு நாளைக்கு உட்கார்ந்து எழும் ஒரு பயிற்சி, இடுப்பில் மடங்கித் தரையிலிருந்து தூக்கும் ஒன்று, தள்ளும் ஒன்று, இழுக்கும் ஒன்று. முடிந்தால் சுமையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடப்பது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று செட். 45 நிமிடத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று ஆறு நாளாகப் பிரிக்கும் அட்டவணைகள் பல வருடம் பழகியவர்களுக்குப் பயன்படலாம். தொடங்குகிறவர் ஒரே அசைவை வாரத்தில் இரண்டு மூன்று தடவை செய்தால்தான் நரம்பு மறக்காது. புரோட்டீன், தூக்கம் இரண்டும் அவசியம். பவுடர் டப்பா அவசியமில்லை.

கூட்டுவதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெரும்பாலான ஜிம்களில் இருக்கும் மிகச்சிறிய பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 2.5 கிலோ. 60 கிலோ ஸ்குவாட் செய்கிறவருக்கு அது ஒன்றுமில்லை, நாலு சதவீதம்தான். ஆனால் 15 கிலோ பாரைத் தலைக்கு மேலே தள்ளுகிறவருக்கு அதே 2.5 கிலோ ஆறில் ஒரு பங்கு. ஸ்குவாட்டில் தடையில்லாமல் முன்னேறும் ஒருவர் தோள் பயிற்சியில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்பதற்குப் பல நேரம் இந்தக் கணக்குதான் காரணம். "என் தோள் வலுவில்லாதது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கே எடையைத் தொடாமல் ரெப்பைக் கூட்ட வேண்டும். மூன்று செட்டிலும் 6 வந்தால் அடுத்த முறை 7, அப்புறம் 8. 10 வந்தபின் எடையைக் கூட்டி மறுபடி 6-க்கு வர வேண்டும். எனக்கு 15-லிருந்து 17.5-க்குப் போக ஏழு வாரம் ஆனது. அதே சமயத்தில் ஸ்குவாட் ஆறு மாதத்துக்குள் வெறும் பாரிலிருந்து 50 கிலோவைத் தொட்டது. உடம்பு பெருக்கவில்லை. பெட்டியை நானே மேலே வைத்தேன்.

என் அம்மாவுக்கு 71 வயதில் நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். 1990-இல் பாஸ்டனில் முதியோர் காப்பகம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்து பேருக்கு எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்த ஆய்வைப் பற்றிப் படித்ததுதான் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. அவர்கள் கால் வலு சராசரியாக 174 சதவீதம் ஏறியது. அவர்களில் சிலர் ஊன்றுகோல் பிடித்து நடந்தவர்கள். அங்கேயும் லேசாகத் தூக்கவைக்கவில்லை. ஒரே ஒருமுறை தூக்க முடிகிற எடையில் பாதியில் தொடங்கி எண்பது சதவீதம் வரை கொண்டுபோனார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினார். முதலில் இரண்டு மெத்தை போட்டு உயர்த்திய நாற்காலி, அப்புறம் ஒரு மெத்தை, அப்புறம் வெறும் நாற்காலி. நோட்டில் எடைக் கட்டத்தில் "2 மெத்தை" என்று எழுதுவார். இப்போது அந்தக் கட்டத்தில் "4 கிலோ" என்று இருக்கிறது.

என் அக்கா மகன் கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம், வலி முழுதாகப் போனபின், என்னோடு ஒரு மாதம் வருகிறாயா என்று கேட்டேன். வந்தான். அவனுக்கும் ஒரு நோட்டு வாங்கி நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் வெறும் 20 கிலோ பார், மூன்று செட், ஐந்து ரெப். முடித்துவிட்டு ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தான். "இது ஒண்ணுமே இல்ல சித்தி. வியர்க்கக்கூட இல்ல."

"சரி, அதை எழுது. மீதி எவ்வளவு?"

"பதினஞ்சு போடவா?"

"தோணுறதைப் போடு."

வாரம் இரண்டு நாள் வந்தோம். முதலில் ஒவ்வொரு தடவையும் 5 கிலோ கூட்டினோம். 45-க்குப் பிறகு 2.5. நாலாவது வாரம் மீதிக் கட்டத்தில் 3 என்று எழுதியபோது, பாரைத் தாங்கியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் குனிந்து நின்றான். பேசவில்லை. மாடிப்படியை அவன் எப்படி இறங்குகிறான் என்று நான் அந்த மாதம் முழுக்கக் கவனித்துக்கொண்டே இருந்தேன். சாதாரணமாகத்தான் இறங்கினான். தொடை கொஞ்சம் கனமாக இருப்பதாக மட்டும் சொன்னான்.

ஐந்தாவது வாரம் நான் ஊரில் இல்லை. அவன் தனியாகப் போனான். இரவு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 55 கிலோ. 5, 5, 4. மீதிக் கட்டத்தில் கடைசியாக 0. அதன் பக்கத்தில், நான் சொல்லிக்கொடுக்காமலேயே, சின்ன எழுத்தில்: "நேத்து நாலு மணி நேரம்தான் தூக்கம்." அதற்குக் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தான். அடுத்த தடவை கூட்டட்டுமா, இல்லை அதே 55-ஆ?

அதே 55 என்று பதில் அனுப்பினேன். இன்றைக்குச் சீக்கிரம் தூங்கு என்றும்.